கருவாட்டு வியாபாரத்தை அடுத்த படிக்குக் கொண்டுபோவது: எவ்வளவு துணியலாம், எப்போது துணியலாம்

தொண்டி, சோளியக்குடி, தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் கருவாடு போட்டு விற்கும் பலர் வருடக்கணக்கில் ஒரே அளவில் நிற்கிறார்கள். அதே ஏலக்கரை, அதே வியாபாரி, அதே இரண்டு மூட்டை. கூடப் பணம் போடப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இங்கே கடலும் மழையும் தடைக்காலமும் நம்மைக் கேட்காமலே நம் முதலீட்டில் கைவைக்கின்றன.

ஆனால் நின்ற இடத்தில் நிற்பதும் பத்திரமில்லை. பாக் விரிகுடா பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை வைத்துத்தான் தொழில் நடக்கிறது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று வேலைநிறுத்தம் வந்தால் அந்த நாளும் போயிற்று. ஒரே ஒரு வியாபாரியிடம் மட்டும் சரக்குப் போடுகிறவருக்கு அவர் சொன்னதுதான் விலை. ஈரமீன் விலை ஏறும்போது கருவாட்டு விலையை ஏற்ற அவர் சம்மதிக்காவிட்டால் வேலை அப்படியே இருக்கும், மிச்சம் குறையும். ஆகவே துணியத்தான் வேண்டும். தோற்றாலும் அடுத்த பருவத்தில் ஏலத்தில் நிற்கப் பணம் இருக்கிற அளவுக்குத் துணிய வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிக்கும் முறையையும், இந்தக் கரையில் பணம் போடத் தகுந்த இடங்களையும் கீழே பார்க்கலாம். ஏலத்தில் ஈரமீன் எடுத்து, காயவைத்து, 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை முதல் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்தும்.

பணத்தைப் பிரிப்பது

மாதக் கடைசியில் உட்கார்ந்து கையிருப்பு, வங்கி இருப்பு, விற்றால் உடனே காசாகும் சரக்கு எல்லாவற்றையும் கூட்டுங்கள். வியாபாரியிடம் நிற்கும் பாக்கியில் இரண்டு மாதத்துக்கு மேல் பழசானதைச் சேர்க்காதீர்கள். உதாரணத்துக்கு மொத்தம் 2,40,000 ரூபாய் என்று வைப்போம்.

இதில் முதலில் ஒதுக்க வேண்டியது மழைக்காலச் செலவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெயில் நம்ப முடியாது, வாடைக்காற்றில் கடலும் அடிக்கடி மறிக்கும். வீட்டுச் செலவு மாதம் 15,000 என்றால் 3 மாதத்துக்கு 45,000. குழுக்கடன், நகைக்கடன் தவணை மாதம் 6,000 என்றால் 18,000. மருந்து, தட்டி பழுது, பள்ளிக்கூடம் என்று எதிர்பாராததற்கு 20,000.

அடுத்தது ஓடும் பணம். வாரம் 20,000 ரூபாய்க்கு மீன் எடுத்து, காசு கைக்குத் திரும்ப 3 வாரம் ஆகிறது என்றால் எப்போதும் 60,000 வெளியே நிற்கும். ஒரு வாரம் தள்ளிப்போனால் தாங்க இன்னொரு 20,000. ஆக 80,000.

எல்லாம் கூட்டினால் 1,63,000. மீதி 77,000. துணிவதற்கான பணம் இவ்வளவுதான். அதிலும் ஒரு முயற்சிக்குப் பாதி, அதாவது 38,500 வரை மட்டும் போடுங்கள். மீதிப் பாதி இரண்டாவது முயற்சிக்கு. முதல் தடவை எதுவும் சரியாக அமைவதில்லை. சரி செய்து மறுபடி இறங்கப் பணம் இல்லாமல் போவதால்தான் நல்ல யோசனைகள்கூட ஒரே தடவையில் கைவிடப்படுகின்றன.

கணக்குப் போட்டு மீதி எதுவும் வராதவர்கள் இந்த வருடம் புதிதாக எதிலும் இறங்க வேண்டாம். பாக்கியை வசூலிப்பதும், 3 வாரத்தில் வரும் காசை 2 வாரத்தில் வரவழைப்பதும் இந்த வருட வேலையாக இருக்கட்டும். மேலே சொன்ன கணக்கில் அது ஒன்றே 20,000 ரூபாயை விடுவித்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றுதான் புதிதாக இருக்கலாம்

புது ரகம், புது ஆள், புதுக் கடன். இந்த மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழகிய நெத்திலியைப் புது வியாபாரிக்கு அனுப்பலாம். பழைய வியாபாரிக்குப் புதிதாக வாளைக் கருவாடு போடலாம். புதுக் கடன் எடுத்து, பழகிய ரகத்தைப் பழகிய வியாபாரிக்கே அதிகமாகப் போடலாம். கடன் வாங்கி, இதுவரை போடாத ரகத்தை, முகம் தெரியாத ஊர்க்காரருக்கு அனுப்பினால், நட்டம் வரும்போது எதனால் வந்தது என்றே தெரியாது. சரக்குச் சரியில்லையா, ஆள் சரியில்லையா, வட்டி தின்றதா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்காது.

தடைக்கால இருப்பு: பெரிய வாய்ப்பு, பெரிய பொறி

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. பிப்ரவரி, மார்ச்சில் சரக்குச் சேர்த்து வைத்து மே, ஜூனில் விற்கலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். சரியாகச் செய்தால் வருடத்தில் நல்ல லாபம் தரும் முயற்சி இது. சரக்குச் சேர்த்தவர் பலர் நட்டப்படுவதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் மேற்குக் கரை. அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கேரளத்தில் ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடக்கம். நம் படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் பாதியிலும் மே முழுவதும் அவர்கள் படகு ஓடுகிறது. அங்கிருந்து வரும் சரக்கு மதுரை மொத்தக் கடைகளுக்கும் வந்துசேர்ந்தால், மே மாதத்தில் நாம் எதிர்பார்த்த விலை வராது. இரண்டு கரையும் சேர்ந்து மூடியிருப்பது ஜூன் முதல் இரண்டு வாரம்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏப்ரல் கடைசியில் விலை ஏறவில்லையே என்று பதறி விற்பவர்களும் உண்டு, ஜூன் 20 வரை பிடித்துவைத்துவிட்டு, படகுகள் கடலுக்குப் போய் புதுமீன் வந்த பிறகு விற்பவர்களும் உண்டு. இருவருக்கும் நட்டம்.

இரண்டாவது, நாட்டுப்படகு. தடைக்காலத்திலும் அது கடலுக்குப் போகும். அந்த வலையில் வழக்கமாக விழும் ரகம் தடையிலும் ஈரமாகவே கரைக்கு வரும், அதைக் கருவாடாகச் சேர்த்து வைத்ததற்குப் பெரிய விலை கிடைக்காது. உங்கள் கரையில் எந்த ரகம் விசைப்படகு மடிவலையில் மட்டும் அதிகம் வருகிறது என்று போன வருட நோட்டைப் பார்த்து முடிவெடுங்கள். நோட்டு இல்லையென்றால் இந்தத் தடைக்காலம் முழுக்க ஏலத்துக்கு வந்த ரகத்தையும் விலையையும் எழுதிவைத்து, அடுத்த வருடம் இறங்குங்கள்.

மூன்றாவது, மனக்கணக்கு. ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டின் அடக்கம் 300 ரூபாய், இன்று விற்றால் 340, மூன்று மாதம் கழித்து 380 வரும், 80 ரூபாய் லாபம் என்று நினைக்கத் தோன்றும். எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி வரும். விலையெல்லாம் உதாரணத்துக்கு வைத்தவை, உங்கள் கரை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

120 கிலோ சேர்க்கிறீர்கள். அடக்கம் 36,000. மாதம் நூற்றுக்கு 2 வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு 6 சதவீதம், 2,160 ரூபாய். சொந்தப் பணமானாலும் இதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அதே பணத்தில் கடனை அடைத்திருந்தால் அந்த வட்டி மிச்சம். சாக்கு, உள்பை, மரச்சட்டம் 1,000. இருப்பில் எடை குறைவது 4 சதவீதம், வண்டும் நொறுங்கலும் கழிவாக 5 சதவீதம் என்று வைத்தால் கையில் நிற்பது சுமார் 109 கிலோ. போட்ட பணம் 39,160 திரும்ப வரவே கிலோ 360 ரூபாய்க்கு விற்க வேண்டும். இன்றே விற்றால் 40,800 கிடைத்திருக்கும். அதையும் வட்டி, சாக்குச் செலவையும் சேர்த்து ஈடுகட்ட வேண்டுமென்றால் 403 ரூபாய் வேண்டும். 380-க்கு விற்றவர் லாபம் என்று நினைப்பார். உண்மையில் காத்திருந்ததில் கிலோவுக்கு 23 ரூபாய் விட்டிருக்கிறார். போன இரண்டு மூன்று தடைக்காலத்தில் உங்கள் ரகம் அந்த அளவுக்கு ஏறியதா என்று விசாரித்துவிட்டுச் சரக்கைச் சேர்த்து வையுங்கள்.

சேர்ப்பதென்று முடிவானால்:

சூடை, சாளை போன்ற எண்ணெய் மீன் இருப்புக்கு ஆகாது. காற்றுப் பட்டுப் பட்டு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, காறல் வாடை வரும். அதைச் சீக்கிரம் தள்ளிவிட வேண்டும். நெத்திலி, காரல், வாளை போன்றவை தாங்கும்.

உப்பில்லாக் கருவாட்டில் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்காவிட்டால் பூஞ்சணம் வரும். அளக்கக் கருவி வேண்டாம். முதல் நாள் ஒரு தட்டில் கழுவி வடித்த நெத்திலி சரியாக 1 கிலோ போட்டு அடையாளம் வையுங்கள். அது 240 கிராம் அளவுக்கு இறங்கி, அடுத்த அரை நாள் வெயிலிலும் எடை மாறாவிட்டால் சரக்குத் தயார். ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கழிவையும் சேர்த்தால் 1 கிலோ கருவாட்டுக்கு நாலு, நாலரைக் கிலோ ஈரமீன் என்று கணக்கு வையுங்கள்.

உப்புக் கருவாட்டுக்குப் பெரிய மீனைப் பிளந்து, குடலும் செவுளும் எடுத்துவிட்டு, 3 அல்லது 4 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு போட்டு 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். சரக்கில் சிவப்புப் படர்வது பெரும்பாலும் உப்பிலிருந்து வருவது. உப்பிலேயே வாழும் கிருமி அது, கொஞ்சம் ஈரமும் வெக்கையும் கிடைத்தால் பரவிவிடும். பாத்தியிலிருந்து அள்ளிய புது உப்பைவிட ஒரு பருவம் உலர்ந்த இடத்தில் கிடந்த உப்பு மேல். வாலிநோக்கம், மாரியூர் உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் கோடையில் வாங்கி வைத்து அடுத்த வருடம் எடுப்பது நமக்குச் சிரமமில்லை. ஒரு தடவை மீன் ஊறிய உப்புத் தண்ணீரை மறுபடி பயன்படுத்தக்கூடாது, சிவப்புப் பரவ அதுவும் வழி.

மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் மரச்சட்டம், சுவரிலிருந்து ஒரு அடி இடைவெளி. தாழ்வான கொட்டகையில் மழைக்காலத்துக்கும் சரக்கு நிற்குமென்றால் சட்டத்தை இரண்டரை அடிக்கு உயர்த்துங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி மழை மறுபடி வரும் என்று நினைத்தே இடம் தேடுங்கள். சாக்குக்குள் கனமான பாலித்தீன் உள்பை போட்டு வாயை இறுகக் கட்டினால் ஈரக்காற்றும் வண்டும் எட்டாது. 10 நாளுக்கு ஒரு முறை ஒரு மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். அடியில் மாவு மாதிரித் தூள் சேர்ந்திருந்தால் வண்டு வந்துவிட்டது. அந்த மூட்டையைத் தனியே கொண்டுபோய் நல்ல வெயிலில் மறுபடி காயவைத்துச் சலித்து, முதலில் விற்றுவிட வேண்டும். பூச்சி மருந்து, ஃபார்மலின் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். சாப்பிடும் பொருள், அதைச் சாப்பிடுகிற வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

விற்கும்போது மூன்று பங்காக விற்கவும். மே நடுவில் ஒரு பங்கை விற்றுப் போட்ட பணத்தில் ஒரு பகுதியை எடுத்துவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் இரண்டாவது. மூன்றாவதை என்ன விலையானாலும் ஜூன் 12-க்குள் முடித்துவிடுங்கள்.

உலர்த்திக்குப் பணம் போடுவது

மணலில் விரித்த கருவாட்டில் மணல் இருக்கும், ஈ முட்டையிடும், நாயும் காக்கையும் வரும். தட்டியில் காயவைத்தாலே விலை வித்தியாசம் தெரியும். அடுத்த படி சூரிய உலர்த்தி. இங்கே வரிசை முக்கியம். சுத்தமான சரக்குக்குக் கூடுதல் விலை தருகிறவரை முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் உலர்த்தி. உங்கள் வியாபாரி மணல் கருவாட்டையும் தட்டிக் கருவாட்டையும் ஒரே மூட்டையில் கொட்டிக் கலக்கிறவர் என்றால் உலர்த்திக்குப் போட்ட பணம் திரும்பாது.

முதலில் 6 அடிக்கு 4 அடி பெட்டி ஒன்று செய்யுங்கள். சவுக்குக் கம்பில் சட்டம், மேலே புறஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் ஷீட், கீழ்ப்பக்கம் காற்று நுழைய ஒரு வாய், எதிர்ப்பக்கம் உச்சியில் வெளியேற ஒரு வாய், இரண்டிலும் கொசுவலை. உள்ளே தரையில் கறுப்பு ஷீட். ஒரு மாதம் இதில் காயவைத்த சரக்கில் 20 கிலோவைத் தனியாக எடுத்து, மூன்று கடைக்காரரிடம் விலை கேளுங்கள். கிலோவுக்குக் கிடைக்கும் கூடுதல் விலையை, வருடத்தில் நீங்கள் போடும் கிலோவால் பெருக்குங்கள். பெரிய உலர்த்தியின் செலவு அந்தத் தொகையில் இரண்டு வருடத்துக்குள் அடங்கினால் கட்டலாம். கடற்காற்றில் ஷீட்டும் குழாயும் அதிக வருடம் உழைக்காது, அதனால் ஐந்து வருடக் கணக்குப் போடுவது ஆபத்து.

பெரிதாகக் கட்டும்போது 6 மீட்டருக்கு 3 மீட்டர் கூடாரம் ஒரு குடும்பத்துக்குப் போதும். நடுவில் நடைபாதை விட்டு, இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு அடுக்குத் தட்டு வைத்தால் 24 சதுர மீட்டர் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோ நெத்திலி, ஒற்றை அடுக்காக. ஒரு தடவைக்கு 100 கிலோவுக்குச் சற்று மேல் ஏறும். ஆசைப்பட்டு இரட்டை அடுக்காக விரித்தால் கீழ் அடுக்கு புழுங்கி நாறும்.

வெப்பமானி ஒன்றைத் தட்டின் உயரத்தில் தொங்கவிடுங்கள். 45 முதல் 55 டிகிரி சரியானது. 60-ஐத் தாண்டினால் மீன் வெந்துவிடும், மேல்தோல் இறுகி உள் ஈரம் வெளியே வராமல் நிற்கும். வெளியே கலகலவென்றிருக்கும் சரக்கு மூட்டைக்குள் போய் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிப்பது இதனால்தான். பகல் 11 மணி முதல் 3 மணி வரை மேல்வாய் முழுதும் திறந்திருக்கட்டும். இரவில் இரண்டு வாயையும் மூடிவிட வேண்டும், தை மாதப் பனியில் திறந்து கிடந்தால் பகலில் போன ஈரம் திரும்ப ஏறும்.

இந்தக் கரையில் கூடாரத்தைக் கெடுப்பது வெயிலைவிடக் காற்று. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஷீட் குழாயில் உரசும் இடத்தில்தான் முதலில் கிழியும். ஷீட் போடுவதற்கு முன்பே குழாய் மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுங்கள். கால்களை ஒன்றரை அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். இரும்புக் குழாய் வெட்டிய முனையும் துளையிட்ட இடமும்தான் முதலில் துரு ஏறும், அங்கே இரண்டு பூச்சு எபாக்ஸி பெயின்ட் அடிக்காமல் மாட்டாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஷீட்டைக் கழற்றிச் சுருட்டி வைக்கும்படி கிளிப் போட்டுப் பொருத்துங்கள். ஆணி அடித்த ஷீட்டைக் கழற்றினால் மறுபடி உதவாது.

பொட்டலமும் வெளியூரும்

200 கிராம், 250 கிராம் பொட்டலம் போட்டால் கிலோ விலை நன்றாக ஏறும், கூடவே சட்டமும் வரும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். நிகர எடை, அதிகபட்ச விலை, அடைத்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, தயாரிப்பவர் முகவரி, தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். மூட்டையில் சில்லறையாக விற்ற கருவாட்டுக்கு இல்லாத ஜிஎஸ்டி, 2022 ஜூலை 18 முதல் அடைத்துப் பெயரொட்டி விற்பதற்கு வந்தது. வரி வரும் சரக்கை மாநிலம் தாண்டி விற்பதற்கு வருட வணிகம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பெங்களூருக்கோ கேரளத்துக்கோ ஆர்டர் வந்த பிறகு இதற்கு ஓடாதீர்கள்.

சாதாரண மெல்லிய பையில் வாடை வெளியே வரும், நெத்திலித் தலையும் வாளை முள்ளும் குத்தித் துளை போடும். பாலியெஸ்டரும் பாலித்தீனும் சேர்த்து ஒட்டிய கனமான பை வேண்டும். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்து நனையும், நிழலில் ஆறவிட்டு அடைக்க வேண்டும். வெற்றிடப் பொட்டலம் அழகாக இருக்கும் என்பதற்காக அரைகுறையாகக் காய்ந்த சரக்கை அதில் போடாதீர்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிகள் உண்டு, அவை இருப்பதை வாடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் பை, லேபிள் எல்லாம் 500 மட்டும் அடியுங்கள். 10,000 அடித்தால் ஒன்றுக்கு ஆகும் விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். முகவரியிலோ எடையிலோ ஒரு திருத்தம் வந்தால் அத்தனையும் வீண்.

அனுப்பும் வழியில் எப்போதும் இரண்டு வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதுப் பாலத்தில் ஓடத் தொடங்கியது 2025 ஏப்ரலில். ராமேஸ்வரம் தீவிலிருந்து ரயில் பார்சலை மட்டும் நம்பியவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் மண்டபத்துக்கு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. லாரி பார்சல், பஸ் பார்சல், கூரியர் மூன்றிலும் விசாரித்து வையுங்கள். கருவாடு என்றால் எடுக்காத கூரியர்களும் உண்டு, ஆர்டர் வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

வருமானம் நிலைத்த பிறகு தொக்கு, ஊறுகாய் என்று போகலாம். நெத்திலித் தொக்குக்கு நம் மாவட்டத்து முண்டு மிளகாய் போட்டால் அதுவே ஒரு பெயர், 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் அது எண்ணெய், புளிப்பு, கெடும் நாள் என்று வேறு தொழில். உலர்த்தி கட்டிய அதே வருடத்தில் வேண்டாம்.

கொடுக்கும் கடன், வாங்கும் கடன்

புது வியாபாரிக்கு முதல் சரக்கு பாதி முன்பணத்தில் போக வேண்டும். அந்தக் காசு முழுதும் வராமல் இரண்டாவது சரக்கு ஏறக்கூடாது. ஒருவரிடம் நிற்கும் பாக்கி, நீங்கள் ஒதுக்கிய துணிவுப் பணத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. முதல் இரண்டு தடவை ஒழுங்காகக் காசு கொடுத்து, மூன்றாவது தடவை பெரிய ஆர்டர் கேட்டு மறைகிறவர்கள் உண்டு. ஆர்டர் திடீரென்று மூன்று மடங்கானால் மகிழ்ச்சிக்கு முன் முன்பணத்தைக் கேளுங்கள். ஜிஎஸ்டி எண்ணை வாங்கி அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் கடை பெயரும் ஊரும் தெரியும்.

வாங்கும் கடனில், வியாபாரி தரும் முன்பணம் வட்டியில்லாததாகத் தெரியும். அதன் விலை சரக்கில் கழியும், அவரைத் தவிர யாருக்கும் விற்க முடியாது. வளர நினைப்பவர் முதலில் அடைக்க வேண்டியது இதைத்தான். குழுக்கடன் இருப்புக்கும் ஓடும் பணத்துக்கும் பொருந்தும். உலர்த்தி, பொட்டல இயந்திரம் போன்றவற்றுக்கு வங்கிக் கடன். முத்ரா என்ற மத்திய அரசுக் கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை. உணவு பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம் 2020-இல் வந்தது. இப்போது எந்தத் திட்டத்தில் விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். இப்படிப்பட்ட மானியம் கையில் வராது, வங்கியில் நின்று மூன்று வருடம் கழித்துக் கடனில் கழியும். அதனால் மானியம் வராது என்று நினைத்தே தவணையைக் கணக்கிடுங்கள். தவணை ஐப்பசியில் தொடங்காதபடி, பிப்ரவரிக்குப் பிறகு தொடங்கும்படி முதலிலேயே மேலாளரிடம் பேசிக்கொள்வது நல்லது. சரக்குக் காப்பீடு எடுத்தால் தீ மட்டுமா, வெள்ளமும் புயலும் சேர்த்தா என்று பத்திரத்தில் பாருங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல விலை, உடனே காசு என்று கடல் அட்டையைக் காயவைத்துத் தரச் சொல்லி யாராவது வருவார்கள். 2001-இல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிடிப்பது, காயவைப்பது, வைத்திருப்பது எல்லாமே சிறை போகும் குற்றம். கடல் குதிரையும் அப்படியே. மற்றச் சரக்கோடு ஒரு கைப்பிடி கலந்து கிடந்தாலும் கொட்டகை முழுதும் சோதனைக்கு உள்ளாகும். வேலைக்கு வருகிற பெண்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள், அவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளக்கூடாது.

நிறுத்தும் கோடு

எந்த முயற்சியும் தொடங்கும் முன் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எவ்வளவு போடுகிறேன், எந்தத் தேதியில் கணக்குப் பார்ப்பேன், எவ்வளவு இறங்கினால் நிறுத்துவேன். 38,500 போட்டால் 20,000 போனதும் நிறுத்துவது என்று வைக்கலாம். வீட்டில் இன்னொருவர் அதைப் படித்திருக்க வேண்டும். நட்டத்தில் நிற்கும்போது இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றுதான் மனம் சொல்லும், அப்போது நோட்டைக் காட்டிக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

கோடு வந்துவிட்டால் அன்றே சரக்கைப் பிரியுங்கள். நல்லதை அன்றைய விலைக்கு விற்றுவிடுங்கள். நொறுங்கியது, நிறம் மாறியது ஆனால் பூஞ்சணமில்லாதது கோழித் தீவனத்துக்கு மீன்தூள் அரைக்கிறவர்களிடம் போகும். கிலோவுக்குக் கொஞ்சம்தான் தருவார்கள், ஆனால் கொட்டகை காலியாகும், கொட்டகை காலியானால்தான் புதுச் சரக்கில் வண்டு ஏறாது. பூஞ்சணம் பிடித்ததைத் தீவனத்துக்கும் கொடுக்கக்கூடாது, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். பிறகு மரச்சட்டங்களை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு, இடுக்குகளில் முட்டை இல்லை என்று பார்த்த பிறகே அடுத்த மூட்டையை ஏற்றுங்கள்.